ஆவணி அவிட்டமும் கர்லாக்கட்டையும்

நம் சங்கத்து ஹாலில் ஆவணி அவிட்டத்தன்று ஒரு வேடிக்கை நடக்கிறது. பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் பின்சுவரை ஒட்டி ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள் மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு அதில் உட்கார்வார்கள். இப்போது பாதி ஹாலுக்கு மேல் நாற்காலி. சாஸ்திரிகள், "கீழே உட்கார முடிஞ்சவா முன்னாடி வாங்கோ" என்று மைக்கில் கூப்பிட்டால், தலை ஆவணி அவிட்டப் பையன்களும் அவர்களுடைய அப்பாக்களில் சிலரும்தான் வருகிறார்கள். அபிவாதயே சொல்லி விழுந்து நமஸ்காரம் பண்ண வேண்டிய இடத்தில், பெரும்பாலோர் கை கூப்பி நிற்பதோடு சரி. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் நின்றேன். ஆகவே யாரையும் குறை சொல்வதாக எண்ண வேண்டாம்.

இந்தக் கட்டுரைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என் அத்திம்பேர். எழுபத்தொன்பது வயதில், 2022-ஆம் வருஷம், பூஜை அறையில் கோலப் பலகையிலிருந்து எழுந்திருக்கும்போது சாய்ந்து விழுந்தார். தொடை எலும்பு, இடுப்பு மூட்டுக்கு அருகில் முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பம். முதலில் பார்த்த டாக்டர், "இந்த வயசுக்கு ரெஸ்ட்தான் மருந்து" என்று சொல்லிவிட்டார். நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று மாதத்தில் அவருடைய தொடை என் முன்கை அளவுக்கு வற்றிப்போயிற்று. பிறகு வந்த பிஸியோதெரபிஸ்ட் பெண் அதைப் பார்த்துவிட்டு, கணுக்காலில் அரைக்கிலோ மணல் மூட்டையைக் கட்டித் தூக்கச் சொன்னாள். அத்திம்பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏண்டா, எண்பது வயசுல என்னைப் பயில்வான் ஆக்கப் பாக்கறாளா? நம்மாத்துல யாருடா இதெல்லாம் பண்ணியிருக்கா?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ரிடையர் ஆனவனுக்கு நேரத்துக்கு என்ன குறைவு? தேட ஆரம்பித்தேன். கிடைத்ததில் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்.

முதலில், "நம்மாத்தில் யாரும் பண்ணவில்லை" என்பது சரியல்ல. சுச்ருத ஸம்ஹிதையின் சிகித்ஸா ஸ்தானத்தில் வியாயாமத்தைப் பற்றி விரிவாகவே பேசப்படுகிறது. உடற்பயிற்சி செய்பவனைக் கிழத்தனம் திடீரென்று வந்து தாக்குவதில்லை என்றும், அவனுடைய தசை உறுதிப்படும் என்றும் சுச்ருதர் சொல்கிறார். அளவும் கொடுக்கிறார். ஒருவன் தன் பலத்தில் பாதி அளவுக்குச் செய்ய வேண்டும், வயது, பலம், தேகவாகு, தேசம், காலம், ஆகாரம் இவற்றைப் பார்த்துச் செய்ய வேண்டும், மீறினால் வியாதி வரும். இன்றைய டாக்டர்கள் எழுதித் தரும் குறிப்பில் இதைவிட அதிகம் இருக்காது.

இரண்டாவது சாட்சி நமக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில், மைசூரிலேயே இருக்கிறது. தசராவில் விஜயதசமியன்று ஜம்பூ ஸவாரி புறப்படுவதற்கு முன் அரண்மனை முற்றத்தில் வஜ்ரமுஷ்டி காளகம் நடக்கும். மொட்டையடித்த மல்லர்கள் விரலில் ஆயுதம் பூட்டிக்கொண்டு மோதுவார்கள். முதல் சொட்டு ரத்தம் தெரிந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இவர்கள் ஜெட்டிகள். குஜராத்தின் மோடேராவைச் சேர்ந்த ஜ்யேஷ்டிமல்லர் மரபில் வந்தவர்கள், தங்களைப் பிராமணர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அவர்களுக்கென்று மல்ல புராணம் என்று ஒரு நூலே இருக்கிறது. மோடேராவில் ஸோமேசுவரன் என்ற பிராமணருக்குக் கிருஷ்ணனே மல்வித்தையைக் கற்பித்ததாக அதில் கதை. எந்த உடல்வாகுக்கு எந்தப் பயிற்சி, எந்தப் பருவத்தில் எந்த ஆகாரம் என்றெல்லாம் அது வகுத்துச் சொல்கிறது. அத்திம்பேரிடம் இதைச் சொன்னபோது, "அவா மல்லுக்கு நின்னா, நான் லெட்ஜர்தானே எழுதினேன்" என்றார். நியாயம்தான்.

சரி, கர்லாக்கட்டைக்கு வருவோம். நம் ஊர்க் கரடி மனைகளில் இன்றும் அது சாத்தி வைத்திருக்கும். (கன்னடத்தில் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்துக்கு 'கரடி மனெ' என்று பெயர். கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பேட்டைப் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்தது தனிக் கதை.) இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் இந்தக் கட்டையைச் சுழற்றுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, தங்கள் தேசத்துக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் லண்டனில் டொனால்ட் வாக்கர் என்பவர் எழுதிய தேகப்பயிற்சி நூலிலேயே 'இந்தியன் கிளப்ஸ்' இடம்பெற்றுவிட்டது. அங்கே பெண்கள்கூட இலேசான கட்டைகளைச் சுழற்றினார்கள். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்ஸில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது!

நாம் அனுப்பியது வேறு ரூபத்தில் திரும்பி வந்தது. யூஜின் ஸாண்டோ என்ற ஜெர்மானியர், 1867-ல் பிறந்தவர், லண்டனில் பலசாலியாகப் பேர் வாங்கி, டம்பெல்ஸும் தபால் மூலம் பாடமுமாக ஒரு பெரிய வியாபாரமே நடத்தினார். 1904–05-ல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகக் காட்சி நடத்தினார். அதற்கு முன்பே அவருடைய புத்தகங்கள் இங்கே வந்துவிட்டன. மஹாராஷ்டிரத்தில் ஔந்த் ஸமஸ்தானத்து ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி, ஸாண்டோவின் சாமான்களை வாங்கி வைத்துப் பல வருஷம் பயிற்சி செய்தவர். பிறகு அதை விட்டு ஸூர்ய நமஸ்காரத்துக்குத் திரும்பினார். தன் ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களில் அதைப் புகுத்தி, புத்தகம் எழுதி, உலகத்துக்கே அறிமுகப்படுத்தினார். 1868-ல் பிறந்து 1951-ல் காலமானார். ஸாண்டோவோ 58 வயதிலேயே போய்விட்டார். இதை வைத்து நமஸ்காரம் ஜெயித்தது, டம்பெல் தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டு மனிதர்களின் ஆயுளை வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்வது சரியென்று எனக்குப் படவில்லை.

அப்படிச் சண்டை மூட்டாமல் இரண்டையும் சேர்த்து வைத்தவர் நம் ஊர்க்காரர், புரொஃபஸர் கே. வி. ஐயர். கோலார் சீமையில் 1890-களின் கடைசியில் பிறந்தவர். 1920-களில் பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேஸியம் என்ற உடற்பயிற்சிக் கூடத்தை ஆரம்பித்தார். பார்பெல், டம்பெல் பயிற்சியோடு ஸூர்ய நமஸ்காரத்தையும் ஆஸனங்களையும் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். 1930-ல் 'மசில் கல்ட்', 1936-ல் 'பர்ஃபெக்ட் ஃபிஸிக்' என்று இங்கிலீஷில் புத்தகங்கள் வந்தன. தபால் மூலமும் பாடம் நடத்தினார். அவருடைய படங்கள் மேல்நாட்டு உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் வெளியாயின. மைசூர் அரச குடும்பத்தின் ஆதரவு அவருக்கு உண்டு.

'ஐயர்' என்றதும் பளுவைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனவர் என்று எண்ணிவிட வேண்டாம். கன்னட இலக்கியத்தில் அவருக்குத் தனி இடம் இருக்கிறது. ஹொய்ஸள ராணி சாந்தலையைப் பற்றி 'சாந்தலா' என்ற நாவலும், 'ரூபதர்சி' என்ற நாவலும் எழுதியவர் அவர்தான். நாடகக் குழு நடத்தினார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தையே புரட்டிப்போட்ட டி. பி. கைலாசம் அவருடைய நெருங்கிய சிநேகிதர். ஒரு கையில் டம்பெல்லும் இன்னொரு கையில் பேனாவுமாக இருந்த மனிதர். 1980-ல், எண்பது தாண்டிக் காலமானார்.

அவருடைய ஜிம்னேஸியம் வெறும் வாலிபர்களுக்கானது அல்ல என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வியாதியஸ்தர்களுக்கும் பயிற்சி ஒரு சிகிச்சை என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை ஏனோ அவரோடு போய்விட்டது. புத்தகத்தில் இருந்த கட்டுமஸ்தான படங்கள் மட்டும் மனத்தில் நின்றன.

அதே காலத்தில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாசார்யர். ஐயரின் சீடர் ஒருவர் நடத்திய உடற்பயிற்சிக் கூடமும் அங்கேயேதான் இருந்தது. ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் ஆஸனம், இன்னொரு பக்கம் பளு. கிருஷ்ணமாசார்யர் நூறு வயது வாழ்ந்து 1989-ல் சென்னையில் காலமானார். 96-ஆவது வயதில் அவருக்கும் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்து, படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தானே வகுத்துக்கொண்டு செய்தார். ஆபரேஷனை மறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அந்தத் தப்பை யாரும் பண்ணிவிடாதீர்கள். படுக்கையில் கிடந்தபோதும் அவர் பயிற்சியை விடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அத்திம்பேர் முதன்முதலாக மணல் மூட்டையை மரியாதையோடு பார்த்தது இந்தக் கதையைக் கேட்ட அன்றுதான்.

பிறகு ஏன் இது பெரியவர்களை விட்டு விலகிப்போயிற்று? என் அபிப்பிராயம், ஒரு பக்கம் பத்திரிகைப் படங்களும் போட்டி மேடைகளும் பளு தூக்குவதை இளைஞர்களின் சொத்தாக ஆக்கிவிட்டன. இன்னொரு பக்கம் வைத்தியர்கள் இருதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1968-ல் கென்னத் கூப்பர் எழுதிய 'ஏரோபிக்ஸ்' புத்தகத்துக்குப் பிறகு நடையும் ஓட்டமும்தான் உடற்பயிற்சி என்று ஆயிற்று. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978-ல் பொதுமக்களுக்குக் கொடுத்த சிபாரிசில் தசை பலத்துக்கான பயிற்சி இடம்பெறவே இல்லை. 1990-ல்தான் சேர்த்தார்கள். நம் பார்க்குகளில் காலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு ஐந்து சுற்று நடப்பவர்களுக்கு, நடைதான் சர்வரோக நிவாரணி. நடை நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் நடை மட்டுமே தொடையை வற்றாமல் காக்காது.

பளுவை வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒருவர் உண்டு. சின்ன வயதில் ருமாட்டிக் ஜுரத்தில் படுத்து, பளு தூக்கித் தேறியவர், அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில், சிகாகோ ராணுவ ஆஸ்பத்திரியில் கால் அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களுக்கு, அதுவரை வழக்கத்திலிருந்த லேசான பயிற்சிக்குப் பதிலாகக் கனமான பளுவைக் கொடுத்து, வாரத்துக்கு வாரம் ஏற்றினார். சீக்கிரம் தேறினார்கள். 1945-ல் அதைப் பிரசுரித்தார். படிப்படியாக ஏற்றுவது என்பதுதான் இதன் உயிர்நாடி. இன்று ஜிம்மில் 'பத்துப் பத்தாக மூன்று தடவை' என்று பையன்கள் சொல்வது அவர் வகுத்த கணக்குதான்.

நம் நாட்டில் கல்கத்தாவில் ஒருவர் இருந்தார். மனோஹர் ஆயிச். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. 1912-ல் இன்றைய பங்களாதேஷில் இருக்கும் கோமில்லா ஜில்லாவில் பிறந்தவர். யுத்தகாலத்தில் ராயல் ஏர் ஃபோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்கார அதிகாரியைக் கன்னத்தில் அறைந்ததற்காக ஜெயிலுக்குப் போனார். அங்கே சாமான் எதுவும் இல்லாமலேயே மணிக்கணக்காகப் பயிற்சி செய்து உடம்பைத் தேற்றினார். 1952-ல் லண்டனில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வாங்கினார். அவர் தொண்ணூறு வயதுக்கு மேலும் பயிற்சிக்கூடத்தை விடாமல் இருந்து, 2016-ஆம் வருஷம் 104-ஆவது வயதில் காலமானார். 'அவர் பிறவியிலேயே வேற மாதிரி' என்று நம்மால் தட்டிக்கழித்துவிட முடியும். நானும் தட்டிக்கழித்தேன்.

தட்டிக்கழிக்க முடியாதபடி செய்தது பாஸ்டன் நகரத்துச் சமாசாரம். முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் இருந்த பத்துப் பேரை டாக்டர் மரியா ஃபியாடரோனும் அவருடைய குழுவினரும் சேர்த்துக்கொண்டார்கள். வயது 86 முதல் 96 வரை. சராசரி 90. மனோஹர் ஆயிச் மாதிரி பலசாலிகள் அல்ல. விழுந்து எழுந்தவர்கள், கைத்தடி வைத்திருந்தவர்கள், பல வியாதிக்காரர்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம், தொடைக்கு மட்டும் பளுப் பயிற்சி. அதுவும் பூவைத் தூக்குகிற மாதிரி அல்ல. அவரவரால் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம்! சுச்ருதர் இருந்தால் புருவத்தை உயர்த்தியிருப்பார். பயிற்சியை முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் ஏறியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்தார்கள். நாற்காலிக் கையை ஊன்றாமல் எழ முடியாதிருந்த மூன்று பேரில் ஒருவர், ஊன்றாமல் எழுந்தார். 1990-ல் இது வெளிவந்தது. பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும், அதிகபட்ச பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போல இறங்கியது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

1994-ல் அதே குழு நூறு பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தது. அதில் சிலருக்குப் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்தார்கள். அதனால் பலம் கூடவில்லை. பேரன் பேத்திகள் அமெரிக்காவிலிருந்து டப்பா டப்பாவாக வாங்கி வரும் பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் நம் மாமாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியோடு சேர்ந்தால் புரதம் உதவும். நம் சாப்பாட்டில் சாதம் மலை மாதிரியும் பருப்பு மடு மாதிரியும் இருப்பதை மாற்றினால் இன்னும் உதவும்.

வயதானால் சதை வற்றுவதற்கு ஒரு பெயர்கூட 1980-களின் கடைசி வரை இல்லை. அமெரிக்கரான இர்வின் ரோஸன்பர்க் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஸார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். சதைத் தரித்திரம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். முப்பது, நாற்பது வயதிலேயே இது மெள்ள ஆரம்பித்து, அறுபதுக்கு மேல் வேகம் எடுக்கிறது. தடுக்கி விழப்போகும்போது சட்டென்று காலை ஊன்றிச் சமாளிக்கும் வேகமான தசைநார்கள்தான் முதலில் போகின்றன. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதும் தசைதான். வீட்டுக்கு வீடு டயபடீஸ் இருக்கும் நம்மிடம் அது வற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியா உள்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் பேரின் கைப்பிடி பலத்தை அளந்து பார்த்தார்கள். பிடியில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் மரண அபாயம் 16 சதவீதம் கூடுவதாக 2015-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வந்தது. பிடியை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பிடி, உடம்பு முழுவதற்கும் ஒரு தெர்மாமீட்டர்.

பிரேஸிலில் 2012-ல் இன்னும் எளிதான ஒரு சோதனை. 51 முதல் 80 வயது வரை இரண்டாயிரம் பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். பத்து மார்க். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொரு மார்க் குறையும். குறைந்த மார்க் வாங்கினவர்களில், அடுத்த ஆறு வருஷத்தில் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். அதைப் படித்ததும் எனக்கு நம் ஹாலின் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் ஞாபகம் வந்தன. நித்யம் ஸந்தி பண்ணி, பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பெரியவாளைக் கண்டால் நாலு தரம் விழுந்து எழுந்த தலைமுறைக்கு இந்தப் பரீட்சை தினமும் நடந்தது.

பெண்டுகள் விஷயத்தில் இன்னும் அதிகம். அம்மி, கல்லுரல், உலக்கை, கிணற்று ராட்டினம். என் பாட்டி எழுபது வயதில் இடது கையால் மாவைத் தள்ளி வலது கையால் குழவியைச் சுற்றியது கண்ணில் நிற்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே பாட்டி இடுப்பு நோவோடு ராத்திரி தூங்காமல் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். கிரைண்டர் வந்தது புண்ணியம். ஆனால் குழவி போன இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட குறிப்பில், எல்லாப் பெரியவர்களும் வாரம் இரண்டு நாளாவது தசை பலப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் விழாமல் இருக்க வாரம் மூன்று நாளாவது நிலை தடுமாறாமைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், கண்ணில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. முதல் மாதம் யாராவது தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது நல்லது. இதற்குமேல் யோசனை சொல்ல நான் டாக்டர் இல்லை.

அத்திம்பேரின் அரைக்கிலோ மூட்டை ஒரு கிலோவாயிற்று, பிறகு ஒன்றரை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது முதலில் ஐந்து தடவை, இரண்டு கையையும் ஊன்றி. அப்புறம் ஒரு கை. நடுவில் ஜுரம் வந்து மூன்று வாரம் படுத்ததில் பாதி போயிற்று. "பாஸ்டன்காரி சொன்னது சரிதாண்டா" என்று சலித்துக்கொண்டு மறுபடி அரைக்கிலோவிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த வருஷ ஆவணி அவிட்டத்துக்கு ஹாலுக்கு வந்தார். தரையில் உட்காரவில்லை, நாற்காலிதான். ஆனால் தர்ப்பணம் முடிந்து எழுந்தபோது ஒரு கையில் பஞ்சபாத்திரமும் மறு கையில் தாம்பாளமும் இருந்தன. யாரும் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா அந்த மணல் மூட்டையைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் பண்றார் உங்க அத்திம்பேர்?" என்றாள். மறுநாள் பழைய வேஷ்டித் துணியில் தனக்கும் இரண்டு தைத்துக்கொண்டாள்.